அரசாங்கம் இருமக் கூடாது

அந்த ஊரில் யாருக்காவது எதையாவது ஊரறியச் சொல்ல வேண்டுமென்றால் மைக்செட்காரரைத்தான் கூப்பிடுவார்கள். துணிக்கடையில் தள்ளுபடி, காணாமல் போன நாய்க்குட்டி, புதிதாகத் திறந்த பல் ஆஸ்பத்திரி, நாளைய மின்தடை, கல்யாணம், சாவு எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் தெருவுக்குள் நுழையும். ஆட்டோவின் கூரையில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு கூம்பு ஸ்பீக்கர். உள்ளே கால் நீட்ட முடியாதபடி பேட்டரியும் ஆம்ப்ளிஃபயரும். அவற்றுக்கு நடுவில் மடங்கி உட்கார்ந்து, கைக்குட்டை சுற்றிய மைக்கை மோவாயில் முட்டுக்கொடுத்து, "அன்பார்ந்த பொதுமக்களே" என்று அவர் ஆரம்பித்தால் அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டு ஜன்னலுக்கு ஓடி வருவார்கள். ஆளைப் பார்த்தால் நம்பவே முடியாது. ஒட்டிய கன்னம், ஒடிந்து விழுகிற உடம்பு. இத்தனை சத்தத்தை எந்த இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறார் என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரு தரமாவது யோசித்திருப்பார்கள்.

வீட்டில் மனிதர் வாயைத் திறக்க மாட்டார். தொண்டையை மிச்சம் பிடிக்கிறாராம். ஒரு விரல் காட்டினால் தண்ணீர், இரண்டு விரல் காட்டினால் டீ, உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினால் "போதும், விடு" என்று அர்த்தம். "ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசறாரு. வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே பேட்டரியையும் கழட்டி வச்சுட்டு வராரு" என்பது மனைவியின் நிரந்தரப் புகார். இந்த விரல் பாஷையை ஒழுங்காகப் படித்துத் தேறியவள் அவர்களுடைய ஒரே மகள்தான். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர்களின் கையெழுத்தையே படிப்பவளுக்கு அப்பாவின் விரல் எம்மாத்திரம்.

அதே மருந்துக்கடையில் கணக்குப் பார்க்கும் பையனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டாரும் பேசி, பெரிய மண்டபமாகப் பார்த்துக் கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. அன்றிலிருந்து மைக்செட்காரருக்கு மனசுக்குள் ஒரே ஆசை. எத்தனையோ கல்யாண மேடைகளில் மணப்பெண்ணை "இன்னாரின் மகள்" என்று சொல்லிச் சொல்லி அலுத்த வாய் அது. தன் பெண்ணின் கல்யாணத்தன்று மைக்கைக் கையில் வாங்கி, எதிரொலியை ஒரு பொட்டு கூட்டி வைத்து, "என் மகள்" என்று ஒரு தரம் சொல்லிவிட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். அந்த மேடையில் வேறு யாரையும் மைக்கைத் தொட விடுவதில்லை என்றும் முடிவு பண்ணி வைத்திருந்தார்.

அப்போதுதான் அந்த நோய் வந்தது. முதலில் செய்தியில் வந்தது, அப்புறம் பக்கத்து ஊருக்கு வந்தது, கடைசியில் நம் வீட்டு மாடிப்படிக்கே வந்துவிட்டது. துணிக்கடை மூடியாயிற்று, பல் ஆஸ்பத்திரி மூடியாயிற்று. பிழைப்பு போச்சே என்று அவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது சுகாதார அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டுப் போனது. போனில் அனுப்பினால் ஜனங்கள் நம்புவதில்லையாம். எப்படி நம்புவார்கள்? வெந்நீர் குடித்தால் நோய் வராது என்றும், வெந்நீர் குடித்தால்தான் வரும் என்றும் ஒரே மாமா ஒரே நாளில் இரண்டு செய்தி அனுப்புகிற காலம் அது.

சுகாதார அதிகாரி ஓர் அம்மாள். தலை வாரக்கூட நேரமில்லாத முகம். மேஜை மேல் மூன்று போன், மூன்றிலும் மேலிடம்.

"அண்ணே, நாங்க எழுதிக் குடுக்கறதை அப்படியே படிக்கணும். ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, ஒரு வார்த்தை குறைக்கக் கூடாது" என்றார்.

"என் தொழில்ல மேடம், கொஞ்சம் மசாலா சேர்த்தாத்தான்..."

"கூட்டக் கூடாது."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். ஆட்டோ ஓட்டுவது மனைவியின் தம்பி. மச்சான் என்ற உறவு முறைக்குரிய எல்லா லட்சணங்களும் பொருந்தியவன். சொன்னதைச் செய்ய மாட்டான், சொல்லாததைத் தவறாமல் செய்வான். முதல் நாள், முதல் தெரு. "பொதுமக்கள் யாரும் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம், எங்கும் கூட்டம் கூட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று மைக்செட்காரர் கணீரென்று படித்தார். காகிதம் அதோடு முடிந்துவிட்டது. வாய் முடியவில்லை. இருபது வருஷமாகத் துணிக்கடைக்கும் சர்க்கஸுக்கும் ஓடிப் பழகிய வாய், கடிவாளம் இல்லாமல் மேலே போய்விட்டது.

"ஆகவே அனைவரும் குடும்பத்தோடு திரளாக வந்திருந்து பேராதரவு தருமாறு அன்போடு அழைக்கிறோம்! வாரீர்! வாரீர்!"

 தெருவில் கதவுகள் படபடவென்று திறந்தன. நாள்கணக்கில் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்கள். யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்திருந்தவர்கள். பிள்ளைகளுக்குத் தலை சீவி, நல்ல சட்டை மாட்டிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். "எங்க வரணும்ணே?" என்றார் ஒருவர். "என்ன குடுக்கறாங்க?" என்றார் இன்னொருவர். எதுவும் கொடுக்கவில்லை என்று தெரிந்த பிறகும் யாரும் போகவில்லை. வந்தது வந்தோம் என்று நின்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. "என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க?"

"வாய்ப் பழக்கம் மேடம்."

"வாயைப் பேசாம இருக்கப் பழக்குங்க."

அதற்கு ஓர் ஏற்பாடு செய்தார்கள். காகிதத்தின் கடைசி வரி வந்ததும் மச்சான் கையைப் பின்னால் நீட்டி ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட வேண்டும். அணைத்தான். ஆனால் ஒரு கண் சாலையிலும் ஒரு கண் காகிதத்திலும் இருந்ததில் வண்டியின் வேகம் அவனுக்கே தெரியாமல் கூடிவிட்டது. ஒரு வாக்கியம் வண்டி ஒரு வீட்டைத் தாண்டுவதற்குள் முடிய வேண்டும் என்பது ஆட்டோ விளம்பரத்தின் பாலபாடம். அன்றைக்கு அரசாங்கம் எழுதிக் கொடுத்திருந்த வாக்கியமோ முழத்துக்கு நீளம்: "கடைகள் அனைத்தும் நாளை முதல் காலை வேளையில் வழக்கம்போல் திறந்திருக்கும் என்று சிலர் பரப்பிவரும் வதந்தியை யாரும் நம்ப வேண்டாம்." தெருவின் மேற்குக் கோடிக்குக் கடைகள் திறந்திருக்கும் என்பது வரை கேட்டது. கிழக்குக் கோடிக்கு நம்ப வேண்டாம் என்பது மட்டும் கேட்டது. மறுநாள் காலையில் மேற்கே எல்லாக் கடையும் திறந்திருந்தது. கிழக்கே இருந்தவர்கள் எதையுமே நம்பாமல் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். நடுத்தெருவில் இருந்த இரண்டு கடைக்காரர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அரசாங்கம் என்றால் நீளமாக எழுதாமல் இருக்க முடியாது. மச்சான் என்றால் மெதுவாக ஓட்ட முடியாது. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர் மைக்செட்காரர்.

இதைவிட வேடிக்கை ஒன்று இருந்தது. நாளாக ஆக, சட்டம் போடுவதே இவர்தான் என்று ஊர் நினைக்க ஆரம்பித்துவிட்டது. மாடியிலிருந்து ஒரு பெரியவர் சத்தம் போடுவார்: "ஏம்ப்பா மைக்செட்டு! நேத்து வாக்கிங் போலாம்னே, இன்னைக்குப் போகக் கூடாதுங்கற. ஒரு பேச்சுல நிக்க மாட்டியா நீ?" முடிவெட்டுகிறவர் ஓடி வந்து ஆட்டோவைப் பிடித்துக்கொள்வார்: "சலூனை மட்டும் கொஞ்சம் தொறக்க விடுங்கண்ணே. உங்க வாயில வர்றதுதானே இங்க சட்டம்." நான் வெறும் படிக்கிற ஆள் என்று சொல்லியிருக்கலாம். மனிதர் சொல்லவில்லை. "சரி, பாக்கறேன்" என்று பெருந்தன்மையாகத் தலையை அசைத்துவிட்டு வந்தார்.

"பாக்கறேன்னு சொன்னீங்களா? நீங்க என்ன மந்திரியா?" என்று கேட்டாள் மனைவி. அவர் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார்.

அந்தப் பெருமைக்குச் சீக்கிரமே ஆப்பு விழுந்தது. கல்யாணங்களுக்கு நூறு பேர்தான் வரலாம் என்று ஓர் உத்தரவு வந்தது. படித்தார். அடுத்த வாரம் நூறு ஐம்பதாயிற்று. அதையும் படித்தார். தன் சொந்தக்காரர்கள் குடியிருக்கும் தெருக்களிலேயே போய், தன் குரலாலேயே, தன் மகள் கல்யாணத்துக்கு அவர்கள் வர வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு போவது போல இருந்தது அது. ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் அக்காவிடமிருந்து போன் வந்துவிட்டது.

"கூடப்பொறந்தவளை வர வேணாம்னு சொல்றதுக்கு மைக் வச்சா சொல்லணும்? போன்ல சொன்னா ஆகாதா?"

"அக்கா, அது நான் சொல்லலக்கா. அரசாங்கம் சொல்றது."

"அரசாங்கத்துக்கு உன் குரல் எப்படிடா வந்துச்சு?"

 கடைசியில் ஐம்பது இருபதானபோது, யாரை விடுவது என்று யோசிக்கவே பயந்துபோய் அதிகாரியிடம் சந்தேகம் கேட்கப் போனார். சமையல்காரர் கணக்கில் வருவாரா? போட்டோ எடுப்பவர்? பொண்ணும் மாப்பிள்ளையும்?

"மூச்சு விடற எல்லாம் கணக்குதான்."

"கைக்குழந்தை மேடம்?"

"அது என்ன, மூச்சு விடாமலா இருக்கு?"

வீட்டுக்கு வந்து விரல் விட்டு எண்ணினார்கள். மனைவி தன் பக்கத்தில் ஒரு தலையைச் சேர்த்தால் இவர் பக்கத்தில் ஒரு தலை உருளும். இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு அக்கா உள்ளே வந்தாள், அக்கா வீட்டுக்காரர் வெளியே போனார். தனக்குப் பதில் தன் பெண்டாட்டிக்குச் சாப்பாடு கிடைக்கிறதே என்று அவர் ஒன்றும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நோய்க்கு முன்பே சுத்தத்தில் ஒரு மாதிரி. நோய் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். வீட்டுக்கு வரும் பேப்பரை இஸ்திரி போட்டுத்தான் படிப்பார். இடுப்பில் எப்போதும் ஒரு மருந்து பாட்டில் தொங்கும். எதிரே வருகிறவரின் செருப்புக்கு ஒரு பீச்சு, நிழலுக்கு ஒரு பீச்சு. இருபது பேர் உத்தரவு வந்த மறுநாள் அவர் வந்து, வெளிக் கேட்டைத் துடைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டு, உள்ளே வராமலே பேசினார்.

"சம்பந்தி, எனக்குச் சீர் வேணாம், செனத்தி வேணாம். ஒண்ணே ஒண்ணுதான். மண்டபத்துல ஒரு இருமல் சத்தம் கேட்டாலும் சரி, நான் என் பையனைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டே இருப்பேன். அப்புறம் என்னைத் தப்பா நெனைக்கக் கூடாது."

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மைக்செட்காரரின் தொண்டைக்குள் ஏதோ பிறாண்டியது. இருமல்! சில நாளாகவே அது அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒன்றாக வந்த உத்தரவு இப்போது காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்றாக வந்தது. போதாததற்குத் தெருவில் பிளீச்சிங் தூள் அடிக்கும் வண்டி முன்னால் போகும், அந்தப் புகைக்குள் வாயைத் திறந்துகொண்டு இவருடைய ஆட்டோ பின்னால் போகும். நோயைக் கொல்ல அரசாங்கம் அடித்த மருந்தில் பாதி இவர் தொண்டைக்குள்தான் இறங்கியது. இப்போது சம்பந்தியின் எதிரில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க நின்றார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"அழாதீங்க சம்பந்தி" என்றார் அவர், மனமிளகி. "பொண்ணைப் பெத்தவன் மனசு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி, கண்ணீர் விழுந்த இடத்தில் ஒரு பீச்சு பீச்சிவிட்டுப் போனார்.

தெருவில் வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் வாரம் தவறாமல் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை செய்தார்கள். ஒவ்வொரு வாரமும் நோய் இல்லை என்றே வந்தது. மகள் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தாள். "இது கத்திக் கத்தி வந்த புண்ணுப்பா. உள்ள ரத்தமா செவந்து கெடக்கு. ஒரு வாரம் வாயைத் திறக்கலைன்னா தானா ஆறிடும்" என்று மாத்திரையும் கொடுத்தாள். ஒரு வாரம் லீவு கேட்டு அதிகாரியிடம் போனார். அங்கே பேசும்போதே இரண்டு தரம் இருமிவிட்டார். அந்த அம்மாள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"அண்ணே, வேற ஆளை வச்சுப் பாத்தோம். ரெண்டு தெருவுல அவரை வதந்தி பரப்பறவர்னு நெனச்சு விரட்டி விட்டுட்டாங்க. உங்க குரல்ல வந்தாத்தான் அது அரசாங்கம்னு நம்பறாங்க. இன்னும் கொஞ்ச நாளைக்குப் பல்லைக் கடிச்சுக்குங்க. ஆனா ஒண்ணு, மைக்ல மட்டும் இருமிடாதீங்க. அரசாங்கம் இருமக் கூடாது. அரசாங்கமே இருமினா ஜனங்க எங்க போவாங்க?"

நியாயமான கேள்விதான். அதற்கும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். தொண்டை பிறாண்டுகிறது என்று இவர் மச்சானின் தோளில் ஒரு தட்டு தட்டுவார், மச்சான் ஹார்னை அமுக்கிப் பிடித்துக்கொள்வான், அந்தச் சத்தத்துக்குள் இவர் இருமி முடித்துக்கொள்வார். இந்தத் தந்திரம் நன்றாகவே வேலை செய்தது. "முகக்கவசம் அணியாதவர்களுக்கு, பாம், பாம், அபராதம் விதிக்கப்படும்" என்று கேட்டபோது, அரசாங்கம் இந்தத் தடவை ரொம்பக் கோபமாக இருக்கிறது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று காலையில், நல்ல சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவருக்கு அதிகாரியிடமிருந்து போன்.

"அண்ணே, இன்னைக்குன்னு பாத்து ஒண்ணு வந்து தொலைச்சிருக்கு. மண்டபங்க இருக்கற தெருவுல மட்டும் ஒரே ஒரு தரம் படிச்சிட்டுப் போயிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

காகிதம் வந்தது. ஆட்டோ மகளின் கல்யாண மண்டபத்து வாசலிலேயே நிற்க, அவர் படித்தார். குரல் ஓட்டைப் பாத்திரத்தைச் சுரண்டுவது போலத்தான் வந்தது. "இருமல், தொண்டைக் கரகரப்பு உள்ளவர்கள், பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்திருந்தாலும், எந்த நிகழ்ச்சியிலும் கலந்துகொள்ளக் கூடாது." ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மச்சான் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தான். அவர் அவன் தோளில் தட்டினார். அவன் ஹார்னை அமுக்கினான்.

இரண்டு வார்த்தை. இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொள்ளலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, வெந்நீர் பிளாஸ்க்கோடு உள்ளே போனார். ஐந்நூறு பேருக்குக் கட்டிய மண்டபம். நடுவில் இருபது நாற்காலிகள், ஒன்றோடு ஒன்று சண்டை போட்டுக்கொண்டவை மாதிரி விலகி விலகி நின்றன. வர முடியாத சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் வீட்டிலிருந்தே கேட்கட்டும் என்று, அதிகாரியிடம் அனுமதி வாங்கி, வெளிக் கேட்டில் ஒரு ஸ்பீக்கரை அவரே கட்டி வைத்திருந்தார். அந்த அம்மாளும் வாசலில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். "நான் கணக்குல கெடையாது. கணக்கெடுக்க வந்தவ" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

திருமணப் பதிவு அலுவலர் மேஜை முன்னால் வந்து உட்கார்ந்தார். மகள் மேடையில் இருந்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். மைக்செட்காரர் வெந்நீரை ஒரு வாய் விழுங்கி, எதிரொலியை ஒரு பொட்டு கூட்டி வைத்து, மைக்கைக் கையில் எடுத்தார்.  

"அன்பார்ந்த..."

அதற்கு மேல் வந்தது இருமல்தான். சின்ன இருமல் இல்லை. வாரக்கணக்கில் ஹார்னுக்குள் ஒளித்து வைத்த இருமல் எல்லாம் சேர்ந்து, எதிரொலியோடு, மண்டபத்து நான்கு மூலையிலும் வெளிக் கேட்டிலும் வெடித்தது. அவர் வாழ்நாளில் செய்த அறிவிப்புகளிலேயே ஊருக்குத் தெளிவாகக் கேட்டது அதுதான். வெளியே ஆட்டோவில் இருந்த மச்சானுக்கும் கேட்டது. விசுவாசமான பிள்ளை, உடனே ஹார்னை அமுக்கி, விடாமல் பிடித்துக்கொண்டான்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். ஒரு கையில் பாட்டில், ஒரு கையால் மகனைக் கூப்பிட்டார். "எந்திரிடா. போலாம்."

"அப்பா, கொஞ்சம் பொறுங்க..." என்றான் மாப்பிள்ளை.

அதிகாரி வேகமாக முன்னால் வந்தார். "சார், வாராவாரம் டெஸ்ட் எடுத்திருக்கு. அவருக்கு ஒண்ணும் இல்ல. அது கத்தி வந்த இருமல்."

"ஏம்மா, காலையில வாசல்ல நின்னு அவரே படிச்சாரே! டெஸ்ட்ல இல்லைன்னாலும் கலந்துக்கக் கூடாதுன்னு! அது உங்க சட்டமா, இல்ல பக்கத்து ஊர்ச் சட்டமா?"

அந்த அம்மாள் வந்த வேகத்திலேயே இரண்டடி பின்னால் போனார்.  மாப்பிள்ளை தன் அப்பாவையும் மணப்பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி, "ஏங்க..." என்று இரண்டடி எடுத்து வைத்தாள். மைக்செட்காரர் ஒரு நொடி அந்த மைக்கைப் பார்த்தார். இன்னும் இரண்டே வார்த்தைதான் பாக்கி. அதைச் சொல்ல நின்றால் பெண்ணின் கல்யாணமே நின்றுபோகும் என்பது அவருக்குப் புரிந்தது. ஊரில் இருந்த எத்தனையோ பேரைக் கல்யாணத்துக்குப் போகாதே, சாவுக்குப் போகாதே என்று தடுத்து வைத்தது தன் குரல்தான் என்பதும் புரிந்தது. மைக்கை மேஜை மேல் வைத்தார். சம்பந்தியைப் பார்த்து உட்காருங்கள் என்று கையால் காட்டினார். மனைவியைப் பார்த்து உள்ளங்கையைக் கவிழ்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே, யார் பக்கத்திலும் நெருங்காமல், சுவரோரமாக நடந்து வெளியே போய்விட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா அவர் நடந்த வழியெல்லாம் பீச்சினார். மைக்குக்கும் ஒரு பீச்சு விட்டார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, "சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனுஷன்யா" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். அவர் குரலும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

வெளியே, பேட்டரிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் தன் வழக்கமான இடத்தில் மடங்கி உட்கார்ந்தார் மைக்செட்காரர். "மாமா, ஹார்ன் சரியா அடிச்சேனா?" என்று கேட்டான் மச்சான். அவனை அடிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. எதிர் வரிசை ஜன்னல்களில் எல்லாம் முகங்கள் தெரிந்தன. மாடிப் பெரியவர் நின்றிருந்தார், முடிவெட்டுகிறவர் நின்றிருந்தார்.  வெளிக் கேட்டில் கட்டிய ஸ்பீக்கரில் பதிவு அலுவலரின் குரல் வந்தது: "பொண்ணோட தகப்பனார் பேசுவாருன்னு சொன்னாங்களே?" பிறகு அணைக்காமல் விட்ட மைக்கின் இரைச்சல் மட்டும் ஸ்ஸ்ஸ் என்று வந்துகொண்டிருந்தது.

அப்புறம் யாரோ மைக்கை எடுக்கும் சத்தம். வாய்க்கு ரொம்பக் கிட்டத்தில் பிடித்திருந்தார்கள். ஸ்பீக்கர் கீச்சென்று கத்தி அடங்கியது.

"எனக்கு மைக்ல பேசத் தெரியாது" என்றது மகளின் குரல். மருந்துக்கடையில் மாத்திரை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிற அதே குரல். "எங்க அப்பாதான் பேசறதா இருந்துச்சு. இந்த ஊர்ல முக்காவாசிப் பேரோட கல்யாணத்துல, இவங்க இன்னாரோட பொண்ணுன்னு அவர்தான் சொல்லியிருக்காரு. இன்னைக்கு, இவ என் பொண்ணுன்னு சொல்லணும்னு ஆசைப்பட்டாரு. காலையில கண்ணாடி முன்னால நின்னு சத்தமே வராம வாயை அசைச்சு அசைச்சுச் சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் கதவுக்கிட்ட நின்னு பாத்தேன்."

மைக்கில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நீங்க எல்லாரும் வீட்டுக்குள்ள பத்திரமா இருக்கணும்னு கத்தித்தான் அவருக்கு இந்தக் குரல் போச்சு. அவரால சொல்ல முடியல. அதனால நான் சொல்றேன். வெளியில ஆட்டோல உக்காந்திருக்காரே, அவர் என் அப்பா."

இத்தனை வருஷமும் ஸ்பீக்கருக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்த மனிதர். தெருவில், கேட்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஓர் அறிவிப்பைக் கேட்டதே கிடையாது. மாடிப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மைக்செட்காரரின் முகக்கவசத்துக்குள் கண்ணீர் இறங்கி வாய் உப்புக் கரித்தது. மச்சான் திரும்பிப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் ஹார்ன் பக்கம் கையைக் கொண்டுபோனான். அவர் அவன் கையைப் பிடித்துத் தடுத்து, மண்டபத்தைக் காட்டி, காற்றில் ஏதோ பொத்தானைத் திருகுவது போல விரல்களைத் திருகினார்.

"என்ன மாமா? ஒண்ணும் புரியல. வாயைத் திறந்து சொல்லுங்க."

மைக்செட்காரர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது.

"சத்தத்தைக் கூட்டச் சொல்லுடா."